சுத்தியல் கயிறு

அன்புள்ள காளிராஜுக்கும் முத்துச்செல்விக்கும்,

இருவரும் நலமா? நான் நலம். இங்கே அச்சங்குளத்தில் நாலு நாளாக விட்டுவிட்டு மழை. சீசன் நேரத்தில் மழை என்று ஊரில் எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கிறார்கள். பட்டாசு காயாது, தீப்பெட்டியும் காயாது. எனக்குக் காயப்போட ஒன்றும் இல்லை.

காளி, நீ முந்தாநாள் போனில் சொன்னாய், அடுத்த வாரம் மண் பரிசோதனைக்கு ஆற்றுக்குள் போர் போடப் போகிறோம், இந்தத் தடவை துளை போடுகிற ரிக் என் பொறுப்பு என்று. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் போனை வைத்த பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. செல்வி, நீ ஆய்வுக்கூடத்தில் குளிர்ச்சியான அறையில் உட்கார்ந்து மண் மாதிரியைப் பிரித்துப் பார்க்கிறவள். அந்த மண் எந்த நிலைமையில் உன் மேசைக்கு வந்து சேர்கிறது என்று உனக்கும் தெரிய வேண்டும். அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். உங்களோடு புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களிடமும் காட்டுங்கள். நான் எட்டாவது வரைதான் படித்தேன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

போர் எப்படிப் போடுவது என்று நான் எழுதப் போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். நான் எழுதப் போவது என்னுடைய தப்புகளைப் பற்றி. இன்னொன்று, செல்வி. பத்தாவது படிக்கும்போது நீ என்னிடம் கேட்டாய், "அன்னைக்கு எல்லார் அப்பாவும் வந்தாங்க, நீங்க மட்டும் ஏம்ப்பா வரல?" என்று. "வேலை இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். நீ அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. அதற்கும் இதில் பதில் இருக்கிறது.

முதலில் ஒரு பழைய கதை. உங்கள் அம்மாவுக்கும் எனக்கும் கல்யாணமான புதிது. ஒரு ஓடையில் சின்னப் பாலம் கட்ட மண் பரிசோதனை. கோடைக்காலம், ஓடையில் தண்ணீர் ஓடவில்லை, ஒரு மடுவில் மட்டும் தேங்கி நின்றது. துளை இடிந்து விழாமல் இருக்க பென்டோனைட் என்கிற களிமண் மாவைக் கரைத்து உள்ளே விடுவோம் அல்லவா, கெட்டி மோர் மாதிரி இருக்குமே, அதை வேலை முடிந்ததும் தொட்டியோடு மடுவில் கவிழ்த்துவிட்டேன். மருந்தா, மாயமா, வெறும் மண்தானே என்பது என் எண்ணம். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

மறுநாள் காலையில் போனால் மடு முழுக்க வெள்ளையாக மீன் மிதந்தது. கெண்டையும் கெளுத்தியும். துணி துவைக்க வந்த ஒரு பெண் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குனிந்து ஒரு கெண்டையை எடுத்து, அதன் செவுளைக் கட்டைவிரலால் விரித்துக் காட்டினாள். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக மாவு அப்பியிருந்தது.

"என்னண்ணே, மீனுக்குச் சாந்து பூசியிருக்கீக? குடி வைக்கப் போறீகளா?"

நான் மடுவைப் பார்த்தேன்.

"மண்ணுதான்னு சொல்லுவீக. ஒங்க மூக்குல ஒரு கை மண்ணை அடைக்கட்டுமா? அதுவும் மண்ணுதான்" என்று சொல்லிவிட்டு அந்த மீனை என் காலடியில் போட்டாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. துணி மூட்டையை எடுத்துக்கொண்டு வேறு இடம் தேடிப் போனாள்.

அன்று முழுவதும் மீனைப் பொறுக்கிக் குழியில் போட்டு மூடினேன். கரையில் கிடந்தால் கெடுதல் செய்யாத ஒன்று தண்ணீருக்குள் போனால் கெடுதல் செய்யும். அதற்குப் பிறகு என் ரிக்கில், துளைக்குள்ளிருந்து வருகிற எதுவும் தண்ணீரில் விழுந்ததில்லை. டிரம்மில் பிடித்து, கரைக்குக் கொண்டுவந்து, பள்ளம் வெட்டிக் கொட்டுவோம். டீசல் என்ஜினுக்கு அடியில் தட்டு. கூட வேலை செய்தவர்கள் "அண்ணன் மீனுக்கு மாமன்" என்று கேலி செய்தார்கள். செய்யட்டும்.

இனி கண்மாய்க்கு வருகிறேன்.

சாத்தூருக்கு மேற்கே அந்தக் கண்மாய். ஊர்ப் பெயர் வேண்டாம். பல வருஷம் வறண்டு கிடந்து அந்த வருஷம்தான் நிரம்பி மறுகால் போனது. புதுச் சாலைக்காகக் கண்மாயின் ஒரு ஓரத்தில் பாலம் வர இருந்தது. தண்ணீர் நிற்கும்போதே துளை போட்டாக வேண்டும் என்று ஆர்டர். காலி டிரம்களைக் கட்டித் தெப்பமாக்கி, அதன்மேல் முக்காலியும் கயிறு சுற்றித் தூக்குகிற வின்ச்சும் ஏற்றி, நடுவில் விட்ட சந்து வழியாகத் தண்ணீருக்கடியில் துளை போட்டோம். கரைக்குப் போய் வர லாரி டியூபில் பலகை கட்டிய ஒரு படகு. நான், மாரிச்சாமி, இன்னும் மூன்று பேர்.

எங்களுக்கு மேலே ஒரு இன்ஜினியரம்மா. நாகர்கோவில் பக்கம், டீச்சர் வீட்டுப் பிள்ளை. என் வயதில் பாதிதான் இருக்கும். முதல் நாள் தெப்பத்தில் கால் வைக்கும்போதே வழுக்கி முழங்கால் சிராய்த்துக்கொண்டார். நாங்கள் சிரித்தோம், அவரும் சிரித்தார். பிறகு கண்மாயின் நிலத்தடியை ஒரு தாளில் வரைந்து காட்டினார். மேலே தண்ணீர். அதற்கடியில் இரண்டு ஆள் உயரத்துக்குக் கருங்களி. களிக்குக் கீழே மணல். பழைய ஓடை ஒன்று போன தடம். சுற்றியுள்ள கிணறெல்லாம் காய்ந்து கிடப்பதால் அந்த மணல் பசியோடு இருக்கிறது என்றார்.

"அண்ணே, இந்தக் களிதான் கண்மாயோட அடித்தட்டு. நாம அதுல ஓட்டை போடுறோம். சரியா அடைக்காம வந்தா தண்ணி அந்த ஓட்டை வழியா மணலுக்குள்ள இறங்கும். இறங்க இறங்க ஓட்டை பெருசாகும். இங்க நெல்லு இப்பதான் கதிர் வாங்குது."

அடைப்பதற்கு அவர் சொன்ன வழி இது. அந்தக் கண்மாய்க் களியையே எடுத்து, பென்டோனைட் சேர்த்துப் பிசைந்து, எலுமிச்சம்பழ அளவு உருட்டிக் காயவைக்க வேண்டும். துளைக்குள் போட்டால் ஊறி, உப்பி, இறுகிக்கொள்ளும். துளையின் சுவர் இடியாமல் இருக்க இறக்கிய கேசிங் குழாயை ஒரேயடியாகத் தூக்கக் கூடாது. ஒரு அடி நிரப்பு, இடி, ஒரு அடி தூக்கு. மறுபடி ஒரு அடி நிரப்பு. குழாயின் அடிமுனை எப்போதும் அடைத்த களிக்குள்ளேயே இருக்க வேண்டும்.

"இம்புட்டுப் படிச்சுட்டு வந்து நம்மளக் கொழுக்கட்டை பிடிக்க வெச்சுட்டாகளே" என்றான் மாரிச்சாமி.

"பூரணம் வெக்க மறந்துறாதீங்க" என்றார் அந்த அம்மா. அன்றிலிருந்து அவருடைய பேச்சுக்கு எங்களிடம் ஒரு மரியாதை வந்தது.

கண்மாயில் இன்னொரு மனிதர், ஊர் நீர்ப்பாய்ச்சி. மடையைத் திறப்பதும் மூடுவதும் யார் வயலுக்கு எவ்வளவு விடுவது என்பதும் அவர் கையில். எங்களை அவர் நம்பவில்லை. மடைக்கல்லில் தண்ணீர் நிற்கிற மட்டத்தில் நீல பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிட்டு, தினமும் காலையிலும் மாலையிலும் வந்து குந்தி உட்கார்ந்து பார்ப்பார். வெயிலுக்கும் பாய்ச்சலுக்கும் எவ்வளவு குறையும் என்று அவருக்குத் தெரியும். அதற்குமேல் விரற்கடை குறைந்தாலும் எங்களைக் கேட்பார்.

பிறகு சுத்தியல் விஷயம். மண் எவ்வளவு இறுக்கம் என்று பார்க்க அறுபத்துமூன்றரை கிலோ சுத்தியலைக் கயிற்றில் தூக்கித் தூக்கிப் போடுவோம். அந்தச் சத்தம் பட்டாசு ஆலைகள் இருக்கிற நம் பக்கத்தில் வெடி மாதிரி கேட்கும் என்று நாங்கள் யோசிக்கவில்லை. முதல் நாள் இரண்டு அடிதான் போட்டிருப்போம். கண்மாய்க்குத் தெற்கே கருவேலங்காட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மூன்று பட்டாசு ஆலைகளிலிருந்தும் பெண்கள் வெளியே ஓடி வந்துவிட்டார்கள். ஒரு போர்மேன் கரையில் நின்று கத்தினார்.

"யாருலே அது? பொம்பளைக எல்லாம் செருப்பக்கூட மாட்டாம ஓடிவந்து நிக்கிறாக. சொல்லிட்டு அடிக்கக் கூடாதா?"

அவர் சொன்னது நியாயம். அன்றே ஒரு ஏற்பாடு செய்தோம். சோதனை தொடங்குவதற்கு முன்னால் சுத்தியலை ஒரு சாண் மட்டும் தூக்கி, மெதுவாக மூன்று தட்டு. இடைவெளி விட்டு. அதைக் கேட்டால், அடுத்து வருவது எங்கள் சத்தம், பயப்பட வேண்டாம் என்று அர்த்தம். மூன்று ஆலைக்கும் நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அதில் ஒன்று உங்கள் அம்மா வேலை பார்த்த கம்பெனி. பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றுகிற ஷெட்டில் இருந்தாள்.

அந்த மூன்று தட்டு அவளுக்கு எப்படிப் போயிற்று என்றால், கூட வேலை செய்தவர்கள், "ஏய், ஒன் வீட்டுக்காரரு கூப்பிடுறாரு, பதில் சொல்லு" என்று கேலி செய்வார்களாம். வீட்டுக்கு வந்து சொல்வாள். "இன்னிக்கு மூணாவது தட்டு லேட்டு. தண்ணி குடிக்கப் போயிட்டீகளா?" என்பாள். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் நான் வேலை செய்வதை அவள் காதால் கேட்டது அந்தக் கண்மாயில்தான். எனக்கும் மூன்று தட்டு தட்டும்போது, காட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கிற ஒரு ஆள் இருக்கிறது என்று தோன்றும்.

அந்த நாளுக்கு வருகிறேன்.

இன்ஜினியரம்மா ஏதோ அனுமதிக் கடிதத்துக்காகச் சூலக்கரை ஆபீசுக்குப் போக வேண்டியிருந்தது. நான்காவது துளை அப்போதுதான் முடிந்திருந்தது. கிளம்பும்போது சொன்னார்.

"அண்ணே, சாயங்காலத்துக்குள்ள வந்துருவேன். அதுவரைக்கும் கேசிங்ல கை வெக்காதீங்க. சேர்ந்து தூக்குவோம்."

"சரிம்மா" என்றேன்.

அவர் போய் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். ஒரு அடி, ஒரு அடியாகத் தூக்கினால் பொழுது சாய்ந்துவிடும். மறுநாள் தெப்பத்தை அடுத்த இடத்துக்கு நகர்த்த வேண்டும். எத்தனை வருஷம் இந்த வேலையில் இருக்கிறேன், குழாயை மொத்தமாகத் தூக்கிவிட்டு உருண்டைகளை வேகமாகப் போட்டால் அரை மணியில் முடியும் என்று எனக்குள் ஒரு எண்ணம். வேறு யாரும் சொல்லவில்லை. மாரிச்சாமிகூட, "அம்மா வரட்டுமேண்ணே" என்றான். "தூக்குலே" என்றேன்.

தூக்கினார்கள். குழாயின் அடிமுனை களியில் ஒரு முழம் மட்டும் செருகி நின்றது. கீழே களி முழுவதும் திறந்த துளை, அதற்குக் கீழே மணல். கூடையில் இருந்த உருண்டைகளை நான் கையில் எடுத்தேன்.

சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் தெப்பம் நடுங்கியது. டிரம்களைச் சுற்றித் தண்ணீர் சின்னச் சின்ன வளையமாக அதிர்ந்தது. அப்புறம்தான் அந்த ஒற்றைச் சத்தம். கண்மாயில் இருந்த கொக்கெல்லாம் ஒன்றாக எழுந்தன. கருவேலங்காட்டுக்கு மேலே முதலில் வெள்ளையாகவும் பிறகு கறுப்பாகவும் புகை.

மூன்று ஆலையில் எது என்று அங்கிருந்து தெரியாது. எங்கள் ஐந்து பேர் வீட்டிலும் யாராவது ஒரு பெண் அந்தப் பக்கம் வேலை பார்த்தாள். மாரிச்சாமி ஏற்கனவே படகில் இருந்தான்.

"அண்ணே, ஏறுங்க."

நான் குழாயின் வாயில் காதை வைத்தேன். உள்ளே, கீழே, தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. குழாய் அசைந்ததில் களியின் பிடி விட்டுவிட்டது. கண்மாய்த் தண்ணீர் குழாயின் வெளிப்பக்கமாக இறங்கித் துளைக்குள் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணே, மதினி அங்கனதான இருக்காக. ஏறுங்கண்ணே."

"நீங்க போங்கலே. அடைச்சுட்டு வாரேன்."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அதை இன்னும் மறக்க முடியவில்லை. நான்கு பேரும் போய்விட்டார்கள். என் பைக்கையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். இப்படியானால் இரண்டு மூன்று நாளைக்கு யாரும் கண்மாய்ப் பக்கம் வர மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்குள் அந்தத் துளை என்ன ஆகும் என்பதும் தெரியும்.

உங்கள் அம்மாவுக்குப் போன் செய்தேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பட்டாசு ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டில் பலகைத் தட்டில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் மணி அடிப்பதற்கும் அவள் உயிரோடு இருப்பதற்கும் சம்பந்தமில்லை. எனக்கும் அது தெரியும். இருந்தாலும் அடித்தேன்.

பிறகு இன்னொரு தப்பு செய்தேன். ஒரு கூடை உருண்டையை அப்படியே கவிழ்த்தேன். கம்பியை விட்டுப் பார்த்தால், அடியில் போய் நிற்க வேண்டிய கம்பி பாதியிலேயே நின்றது. உருண்டைகள் ஒன்றோடொன்று சிக்கி அந்தரத்தில் நின்றுவிட்டன. அதற்குக் கீழே வெற்றிடம். மேலே பார்த்தால் அடைத்த மாதிரி இருக்கும். அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தால் யாருக்கும் தெரியாது. சத்தம்கூடக் குறைந்துவிட்டது. போய்விடலாம் என்று என் கால் சொன்னது. பொய் எழுதக் கூடாது, உண்மையாகவே படகு போன திசையில் இரண்டு அடி நடந்தேன். தெப்பம் முடிந்துவிட்டது. திரும்பி வந்தேன்.

கம்பியால் குத்திக் குத்தி அந்த அடைப்பை உடைத்துக் கீழே தள்ளினேன். நான்கு பேர் பிடித்து இடிக்கிற கம்பி. கை உரிந்தது. பிறகுதான் புத்தி வந்தது. ஐந்து உருண்டை. கீழே போய்ச் சேரும் வரைக்கும் பொறு. இடி. கம்பியில் அளவு பார். ஒரு போன். மறுபடி ஐந்து உருண்டை.

அவசரம் என்றால் வேகமாகச் செய்வது என்றுதான் நினைத்திருந்தேன். அன்று, பொறுக்கிற நேரம்தான் வேலையாக இருந்தது. ஐந்து உருண்டைக்கு நடுவில் செய்ய ஒன்றுமே இல்லை, புகையைப் பார்ப்பதைத் தவிர.

நடுவில் நீர்ப்பாய்ச்சி கரையில் வந்து நின்றார். கையில் தூக்குவாளி.

"என்ன தம்பி, ஒத்தையில நிக்கீரு? தண்ணி இறங்குதா?"

"அடைச்சுக்கிட்டு இருக்கேன், பெரியவரே."

அவர் புகையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஒம்ம வீட்டம்மா அந்தப் பக்கம்தான வேலை பாக்காக?" என்றார்.

"ஆமா."

"எங்க மருமகளும் அங்கனதான்" என்றார். தூக்குவாளியைக் கரையில் வைத்துவிட்டு, தெற்கே பார்த்து நடந்தார். வயதானவர், ஓட முடியாது. அவர் போவதைக் கரை முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அந்தக் கண்மாயில் என்னைத் தவிர யாரும் இல்லை. அத்தனை பெரிய தண்ணீருக்கு நடுவில் ஒரு ஆள் தனியாக நின்றால், தன் மூச்சுச் சத்தமே பக்கத்தில் இன்னொருவர் இருப்பது போலக் கேட்கும். இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

உருண்டை களிமட்டத்துக்கு வந்தபோது குழாயைக் கடைசியாக ஒரு முழம் தூக்க வேண்டும். வின்ச்சைத் தனியாளாகச் சுற்றினேன். மேலே மீதி உருண்டைகளைப் போட்டு இடித்தேன். குழாய்க்குள் ஒரு வைக்கோல் துரும்பை விட்டுப் பார்த்தேன். முன்னால் சுற்றிச் சுற்றிக் கீழே போன தண்ணீர் இப்போது வெளித்தண்ணீர் மட்டத்தில் வந்து நின்றது. துரும்பு அசையவில்லை. அதன் பிறகும் கொஞ்ச நேரம் பார்த்தேன். அசையவில்லை.

போனைச் சாப்பாட்டு டப்பாவில் வைத்து மூடி, தலையில் துண்டால் கட்டிக்கொண்டு கரைக்கு நீந்தினேன். ஈர வேட்டியோடு காட்டுப் பாதையில் ஓடினேன்.

வெடித்தது பக்கத்து ஆலை. அம்மாவின் கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் மட்டும் இருந்தார். "நம்மள்ல ஒன்னும் இல்லண்ணே. எல்லாரையும் அப்பவே வேன்ல ஏத்தி அனுப்பிட்டோம்" என்றார். அவருக்குப் பின்னால் அந்தப் பலகைத் தட்டு. பாதிப் பேர் போனை எடுக்காமலே ஓடியிருந்தார்கள். வரிசையாக இருந்த போன்கள் ஒன்று மாற்றி ஒன்று அடித்துக்கொண்டே இருந்தன. எடுக்க ஆள் இல்லை. அம்மாவின் போனைத் தேடி எடுத்தேன். என்னிடமிருந்து பதினொரு அழைப்பு.

அந்த வாட்ச்மேன் முன்னால் நான் அழுததை உங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைத்தாயிற்று. காளி, நீ அம்மா மடியில் படுத்திருந்தாய். செல்வி, நீ என்னைப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனாய். தெருவில் எல்லோருடைய அப்பாவும் மத்தியானமே ஆலைக்கு ஓடி, அங்கிருந்து வீட்டுக்கு வந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு திரிந்ததைப் பார்த்தவள் நீ. உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அம்மா என் வேட்டியையும் கையையும் பார்த்தாள். "ஓட்டைய அடைச்சாச்சா?" என்றாள். மாரிச்சாமி சொல்லியிருக்கிறான்.

"அடைச்சாச்சு."

அவள் கோபமாகக் கேட்டாளா, சாதாரணமாகக் கேட்டாளா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. என் கையைப் பிடித்து மஞ்சள் குழைத்துப் போட்டாள். போடும்போது தலை நிமிராமல் சொன்னாள்.

"சத்தம் கேட்டதும் நீங்கதான்னு நெனச்சேன். ஒன்னு கேட்டுச்சு. ரெண்டாவது தட்டுக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன். எந்திரிக்கவே இல்ல."

பிள்ளைகளே, என் வேலையில் நான் கேட்ட வார்த்தைகளில் அதுதான் பெரியது. பயப்பட வேண்டாம் என்று நாங்கள் செய்த ஏற்பாடு, பயந்து ஓட வேண்டிய நேரத்தில் அவளை உட்கார வைத்துவிட்டது. பக்கத்து ஆலையாக இருந்ததால் தப்பினாள். மாரிச்சாமியின் அக்கா அந்தப் பக்கத்து ஆலை. அவர் தப்பவில்லை. நீர்ப்பாய்ச்சியின் மருமகள் தீக்காயத்தோடு பிழைத்தாள். அவர்களும் எங்கள் சுத்தியல் என்று நினைத்தார்களா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

மறுநாள் யாரும் வேலைக்கு வரவில்லை. ரோட்டை மறித்துவிட்டதால் முந்தின சாயங்காலம் வர முடியாமல் போன இன்ஜினியரம்மா மட்டும் வந்தார். கரையில் வைத்தே எல்லாவற்றையும் சொன்னேன், நான் அவர் பேச்சை மீறியது உட்பட. வைவார் என்று நினைத்தேன். "அண்ணே, தூக்கியிருக்கலைன்னா நீங்க அவங்களோடயே போயிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

காளி, நீ இதை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். நான் அன்று தங்கியது பெரிய குணம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. காலையில் சொன்ன பேச்சைக் கேட்டிருந்தால் துளை அடிவரை குழாயோடு பத்திரமாக நின்றிருக்கும். சத்தம் கேட்ட நொடியில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடியிருப்பேன். தண்ணீருக்குள் துளை போடுகிறவன், எந்த நிமிடத்திலும் விட்டுவிட்டுப் போகக்கூடிய நிலையில் அதை வைத்திருக்க வேண்டும். யாருக்கு எப்போது எங்கிருந்து சத்தம் வரும் என்று தெரியாது. நீ பாதியில் திறந்து வைத்திருந்தால், தண்ணீருக்கும் உன் ஆட்களுக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிவரும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் மற்றது உன்னை விடாது.

செல்வி, பதிவேட்டில் நானே எழுதினேன்: நான்காம் துளை, கேசிங் முன்கூட்டியே தூக்கப்பட்டது, பொறுப்பு நான். அந்த மாதிரி ஒரு வரி உன் மேசைக்கு வந்தால், எழுதினவனை மட்டமாக நினைக்காதே.

பிறகு இன்ஜினியரம்மாவிடம் ஒன்று கேட்டேன். ஆலை நடக்கிற நேரத்தில் இனி சுத்தியல் வேண்டாம். வேன் வருவதற்கு முன்னால் விடியற்காலையில் அடிப்போம். பகலில் கேட்கிற சத்தம் எதுவும் எங்களுடையதாக இருக்கக் கூடாது. வேலை இரண்டு மடங்கு நாள் இழுக்கும் என்று கம்பெனியில் சத்தம் போட்டார்கள். அந்த அம்மா என் பக்கம் நின்றார். அப்படியே செய்தோம். மடைக்கல்லில் நீலக் கோட்டுக்குக் கீழே தண்ணீர் வெயிலுக்கும் பாய்ச்சலுக்கும் குறைய வேண்டிய அளவுதான் குறைந்தது. அந்த வருஷம் நெல் அறுத்தார்கள்.

ஆனால் கரையில் எல்லாவற்றையும் சொன்ன அன்று, அந்த அம்மா திரும்பிப் போன பிறகு நான் ஒன்று செய்தேன். தனியாகப் படகை எடுத்துக்கொண்டு தெப்பத்துக்குப் போனேன். சுத்தியலைச் சாக்கின்மேல் சத்தமில்லாமல் இறக்கி, கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நான் இல்லாமல் யாரும் அதைத் தூக்கிவிடக் கூடாது என்று. பிறகு வேலைக்குப் புதுக்கயிறு வாங்கினார்கள். பழையதை உங்கள் அம்மா கொல்லையில் கட்டிவிட்டாள். வேப்பமரத்துக்கும் குளிக்கிற அறைச் சுவருக்கும் நடுவில், நீங்கள் "துணி காயப்போட எதுக்கு இம்புட்டுத் தடிக் கயிறு" என்று சிரிப்பீர்களே, அதுதான். வெயில் விழுகிற சுவர்ப் பக்கம் அவளுடைய சேலைகளும் உங்கள் துணிகளும். மரத்தடி ஓரம் எனக்கு. என் துணி சீக்கிரம் காயாது என்று நான் முணுமுணுப்பேன். ஒருநாளும் இடம் மாற்றித் தரவில்லை.

அவள் போய் இது இரண்டாவது வருஷம்.

இந்த மழையில் நனைந்து கயிறு தொய்ந்து தரையைத் தொட்டுவிட்டது. இன்று மழை விட்டதும், இந்தக் கடிதத்தைப் பாதியில் வைத்துவிட்டுப் போய், முடிச்சை அவிழ்த்து, இழுத்துக் கட்டினேன். நைந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டேன். பிறகு என் வேட்டியையும் துண்டையும் பிழிந்து எடுத்துப் போய்க் காயப்போட்டேன், மரத்தடி ஓரத்திலேயே.